மானியத்துக்கு வரம்பு உண்டு, நகரத்தின் பங்குக்கு?

கேள்வி: எங்கள் நகரம் வேகமாக வளர்ந்துவருகிறது. நகர மையத்திலிருந்து புறநகர்வரை 12 கி.மீ. நீளத்துக்கு இலகு ரயில் (சாலையோடு ஓடும் டிராம் வகை) விடலாம் என்று திட்ட அறிக்கை வந்திருக்கிறது. 6 நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடுமாம். செலவில் பாதியை மேல்மட்ட அரசு மானியமாகத் தரும். மீதிப் பாதிக்கு நகர நிர்வாகம் கடன் வாங்கும். கூடுதல் விற்பனை வரியும், நிலையங்களைச் சுற்றியுள்ள நிலங்கள்மீது மேம்பாட்டு வரியும் போட்டு அதை அடைக்கும். ஓட்டும் செலவை டிக்கெட் வருமானமே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். "பாதி விலையில் ரயில் கிடைக்கிறது, விட்டால் வேறு ஊர் வாங்கிக்கொள்ளும்" என்கிறது ஒரு தரப்பு. "பேருந்து போதும், எங்கள் தெருவுக்கு வராத ரயிலுக்கு நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும்?" என்கிறது இன்னொரு தரப்பு. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் பேச எனக்கு 3 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆதரிப்பதா, எதிர்ப்பதா? என்ன கேட்பது?

பதில்: ஆதரவா எதிர்ப்பா என்று சொல்வதில் அந்த 3 நிமிடத்தைக் கரைக்காதீர்கள். அறிக்கையில் இல்லாத சில எண்களைக் கேட்டு வாங்கப் பயன்படுத்துங்கள். உங்கள் ஊரில் இரண்டு தரப்பும் ரயில் வேண்டுமா வேண்டாமா என்றுதான் மல்லுக்கட்டுகின்றன. நகரம் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடப்போகிறது, அந்தக் கையெழுத்து எத்தனை வருடம் கட்டுப்படுத்தும் என்பதை இரண்டுமே பேசவில்லை.

முதலில் அந்தப் "பாதி விலை". இப்படிப்பட்ட மானியம் மேடையில் சதவீதமாக அறிவிக்கப்படும். ஒப்பந்தத்தில் எழுதும்போது பெரும்பாலும் அது ஒரு தொகையாக மாறிவிடும், அதற்குமேல் கிடையாது என்ற வரியோடு. திட்டச் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் கணக்கெல்லாம் இந்த 100-ஐ வைத்துத்தான், எந்த ஊர்ப் பணத்துக்கும் பொருந்தும். மானியம் 50, நகரத்தின் பங்கு 50. செலவு 145 ஆகிவிட்டால் மானியம் 50-லேயே நிற்கும், நகரத்தின் பங்கு 95 ஆகும். மொத்தச் செலவு 45 சதவீதம் ஏறியிருக்கிறது, உங்கள் வரிச்சுமை 90 சதவீதம் ஏறியிருக்கிறது. மானியத்தின் பங்கு எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த இடி பலமாக விழும். 90 சதவீத மானியம் கிடைத்த நகரம்தான் அதிகம் பயப்பட வேண்டும், ஆனால் அங்கேதான் யாரும் பயப்படுவதில்லை.

எடின்பரோ நகரத்தில் நடந்தது இதுதான். விமான நிலையத்திலிருந்து நகர மையம் வழியாக நியூஹேவன் துறைமுகம்வரை டிராம் போட 54.5 கோடி பவுண்டு என்று திட்டம். ஸ்காட்லாந்து அரசு 50 கோடி, நகர மன்றம் 4.5 கோடி. அரசின் 50 கோடி உச்சவரம்புத் தொகை. 2014 மே மாதம், சொன்னதற்கு 3 வருடம் தாமதமாக டிராம் ஓடத் தொடங்கியபோது செலவு 77.6 கோடி. அதுவும் பாதை நகர மையத்தோடு வெட்டப்பட்ட பிறகு. மானியம் அப்படியே நின்றுவிட்டதால் நகரத்தின் பங்கு 4.5 கோடியிலிருந்து 27.6 கோடியானது, ஆறு மடங்கு. விட்டுப்போன நியூஹேவன் பகுதியை 2023-இல் இன்னொரு 20.7 கோடி செலவிட்டுத்தான் முடித்தார்கள். அந்த நீட்டிப்பு ஒழுங்காகவே நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் கட்டத்தில் பட்டதைப் படித்துவிட்டுச் செய்தார்கள்.

செலவு ஏன் இப்படி ஏறுகிறது? ஊழல், சோம்பேறித்தனம் என்று பேசுவது எளிது. பெரும்பாலும் காரணம் சாலைக்கு அடியில் இருக்கிறது. இரட்டைத் தடத்துக்குச் சாலையில் 6 முதல் 7 மீட்டர் அகலம் தேவை, தோண்டும் ஆழம் முக்கால் மீட்டர் அளவில்தான். ஆனால் அதற்குக் கீழே போகும் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், எரிவாயு, மின் கேபிள், தொலைத்தொடர்பு கேபிள் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தடத்தின் அடியிலேயே விட்டுவைக்க முடியாது. நாளைக்கு ஒரு குழாய் உடைந்தால் ரயிலை நிறுத்திவிட்டுத் தண்டவாளக் கான்கிரீட்டைப் பெயர்க்க முடியுமா? அதனால் அவற்றை ஓரத்துக்கு நகர்த்த வேண்டும். எது எங்கே போகிறது என்பதற்கு இருக்கும் வரைபடங்கள் பல பத்தாண்டுகள் பழையவை. வரைந்தபடி புதைக்கப்படாதவை, கைவிடப்பட்டும் எடுக்கப்படாதவை, யாருடையது என்றே தெரியாதவை எல்லாம் குழி வெட்டும்போதுதான் வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் அந்தந்தத் துறை ஆய்வாளர் வந்து பார்த்து, மாற்று வடிவம் வரைந்து, அனுமதி கொடுக்கும்வரை ஒப்பந்ததாரரின் ஆட்களும் எந்திரங்களும் சும்மா நிற்கும். சும்மா நிற்பதற்கும் பில் வரும். எடின்பரோவில் தாமதத்துக்கு இந்தக் குழாய் மாற்றும் பணி ஒரு முக்கியக் காரணமாக இருந்தது. சிட்னியில் 2019-இல் திறந்த இலகு ரயிலில், மின் கேபிள்களைக் கையாளுவதற்கான நிபந்தனைகள் தங்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்று ஒப்பந்ததாரர் வழக்குப் போட, மாநில அரசு 57.6 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

இன்னொரு விஷயம் திட்ட அறிக்கைகளில் ஒற்றை வரியில் போய்விடும். பெரும்பாலான இலகு ரயில்கள் 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகின்றன. மேல்கம்பி வழியாக வரும் மின்சாரம் தண்டவாளம் வழியாகத் துணைமின் நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். தண்டவாளத்தின் மின்காப்பு சரியில்லாவிட்டால் அது மண்ணுக்குள் கசிந்து பக்கத்தில் இருக்கும் இரும்புக் குழாய் வழியாகப் பயணிக்கும், வெளியேறும் இடத்தில் குழாயை அரிக்கும். அதனால் சாலையில் பதிக்கும் தண்டவாளத்துக்கு ரப்பர் உறை போட்டுத்தான் கான்கிரீட் ஊற்றுவார்கள். செலவைக் குறைக்கிறோம் என்று இதில் கைவைத்தால் பத்து வருடம் கழித்துக் குடிநீர் வாரியத்திலிருந்து நோட்டீஸ் வரும். உங்கள் அறிக்கையில் குழாய் மாற்றும் பணிக்குத் தனித் தொகை காட்டப்பட்டிருக்கிறதா, சோதனைக் குழிகள் எத்தனை வெட்டிப் பார்த்துவிட்டு அந்தத் தொகையை எழுதினார்கள் என்று கேளுங்கள். குழியே வெட்டவில்லை என்றால் அந்த எண் வெறும் ஊகம்.

ஊகத்துக்கு எவ்வளவு கூட்டிவைத்துப் பார்ப்பது? டென்மார்க் ஆய்வாளர் பென்ட் ஃப்ளூபியரும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் ரயில் திட்டங்கள் விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும் சராசரியாக 45 சதவீதம் கூடுதல் செலவில் முடிந்திருந்தன. 2005-இல் வந்த இன்னொரு ஆய்வில், ரயில் திட்டங்களில் உண்மையில் வந்த பயணிகள் சராசரியாகக் கணித்ததில் பாதியளவுதான். இவை மெட்ரோ உட்பட எல்லா வகை ரயிலையும் சேர்த்த சராசரி. உங்கள் திட்டமும் இப்படித்தான் ஆகும் என்று அர்த்தமில்லை. ஆனால் முந்தைய திட்டங்களின் அனுபவத்தைப் பார்த்து மதிப்பீட்டை ஏற்றிவைப்பது பிரிட்டனில் 2004 முதல் வழிகாட்டு நெறியாகவே இருக்கிறது. செலவு தாண்டுவதற்கான வாய்ப்பு 50 சதவீதத்துக்குமேல் போகக் கூடாது என்றால் ரயில் மதிப்பீட்டில் 40 சதவீதம் கூட்டு, 20 சதவீதத்துக்குமேல் போகக் கூடாது என்றால் 57 சதவீதம் கூட்டு என்றது அந்த வழிகாட்டி. இந்த முறையை முதன்முதலில் பயன்படுத்திப் பார்த்ததே எடின்பரோ டிராமின் ஒரு பாதைக்குத்தான் என்பது இதில் வேடிக்கை. எச்சரிக்கை இருந்தது, பணம் ஒதுக்கப்படவில்லை.

எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. பிரான்சில் பெசான்சோன் நகரம் 2014-இல் 14.5 கி.மீ. டிராமை கி.மீ.க்குச் சுமார் 1.6 கோடி யூரோவில் முடித்தது. சிறிய வண்டிகள், எளிமையான நிறுத்தங்கள், சாலையோர அலங்காரங்களில் கண்டிப்பு. டிஜோனும் பிரெஸ்டும் சேர்ந்து ஒரே மாதிரி வண்டிகளை வாங்கி விலையைக் குறைத்தன. அறிக்கையில் நிலைய வடிவமைப்புப் படங்கள் பளபளவென்று இருந்தால் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

அடுத்தது கடன். கடன் வருமானம் ஆகாது. வரப்போகும் வரிப்பணத்தை முன்கூட்டியே செலவழிப்பது மட்டுமே. "மீதிப் பாதிக்குக் கடன்" என்பது யார் தருவார்கள் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. நகரத்தின் 50-ஐ 5 சதவீத வட்டியில் 30 வருடக் கடனாக வாங்கினால் வருடத் தவணை 3.25. வட்டி 7 சதவீதமானால் 4.03. இதோடு முடிந்ததா? ஓட்டும் செலவு வருடத்துக்கு 4 என்றும் டிக்கெட் வருமானம் 1.4 என்றும் வைத்துக்கொண்டால் பற்றாக்குறை 2.6. இவை எடுத்துக்காட்டுக்காக நான் போட்ட எண்கள், உங்கள் அறிக்கையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு யாரும் எழுதாத ஒன்று: புதுப்பிப்பு நிதி. வண்டியின் ஆயுள் 30 வருடம், நடுவில் ஒரு பெரிய பழுதுபார்ப்பு. வளைவுகளில் இருக்கும் தண்டவாளம் அதற்கு வெகுமுன்பே தேய்ந்துவிடும், சிக்னல், டிக்கெட் கருவிகள் அதைவிடச் சீக்கிரம் காலாவதியாகும். இதற்கு வருடம் 1.5 ஒதுக்கினால் மொத்தம் 7.35. இதில் கடன் தவணை பாதிகூட இல்லை, பார்த்தீர்களா? ரயில் வந்தபின் நிறுத்தப்படும் பேருந்துகளால் மிச்சமாகும் தொகையை இதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பேருந்துகள் நிஜமாகவே நிறுத்தப்படுமா, நிலையங்களுக்கு இணைப்புப் பேருந்தாகத் திருப்பிவிடப்படுமா என்று முதலில் கேட்க வேண்டும். திருப்பிவிட்டால் மிச்சம் இல்லை. திருப்பிவிடாவிட்டால் ரயிலுக்கு ஆள் இல்லை.

டிக்கெட் வருமானமே ஓட்டும் செலவைப் பார்த்துக்கொள்ளும் என்ற வாக்கியத்தை நம்பாதீர்கள். இலகு ரயில் ஓடும் பெரும்பாலான நகரங்களில் அது நடப்பதில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சாலையும் நூலகமும் கட்டணத்தில் ஓடுவதில்லை. பற்றாக்குறை இருப்பதைவிட அதை மறைத்துவைப்பதுதான் ஆபத்து. மறைத்தால், திறப்பு விழா முடிந்த மூன்றாம் வருடம் பேருந்துத் துறையின் பட்ஜெட்டிலிருந்து எடுத்து நிரப்புவார்கள், ரயில் போகாத தெருக்களில் பேருந்து குறையும். உங்கள் ஊரில் எதிர்ப்பவர்கள் கேட்க வேண்டிய சரியான கேள்வி இதுதான். அறிக்கையில் பயணிகள் எண்ணிக்கையை எந்த வருடத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பலசமயம் அது 20-ஆம் வருடத்து எண்ணாக இருக்கும், வருமானக் கணக்கில் மட்டும் முதல் வருடத்திலிருந்தே நுழைந்திருக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இதை மட்டுமாவது கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள், மேடையில் இருப்பவர்களில் பாதிப்பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். 12 கி.மீ. பாதை. தனித் தடம் இருந்து, சந்திப்புகளில் சிக்னல் ரயிலுக்கு முன்னுரிமை கொடுத்தால் நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 20 கி.மீ. சராசரி வேகம் கிடைக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 36 நிமிடம். போய்வர 72, இரு முனைகளிலும் 6 நிமிடம் வீதம் நிற்க 12, ஆக ஒரு சுற்று 84 நிமிடம். 6 நிமிடத்துக்கு ஒன்று ஓட 14 வண்டி வேண்டும், பழுதுக்கும் பராமரிப்புக்கும் 2 சேர்த்து 16. இப்போது யாரோ ஒருவர் கார்களுக்கு இடைஞ்சல் என்று சொல்லி, 2 கி.மீ. தூரம் பொதுப் போக்குவரத்தோடு கலந்து ஓடட்டும், சிக்னல் முன்னுரிமையும் வேண்டாம் என்று தீர்மானம் போடவைக்கிறார். சராசரி 15 கி.மீ.க்கு இறங்குகிறது என்று வையுங்கள். ஒரு பக்கம் 48 நிமிடம், சுற்று 108 நிமிடம், ஓட்டத்துக்கு 18 வண்டி, மாற்றுக்கு 2, ஆக 20. அதே சேவைக்கு 4 வண்டி கூடுதல், கால் பங்கு அதிகம். காலையிலிருந்து இரவுவரை ஓடும் ஒரு வண்டிக்கு விடுப்பு, ஷிப்ட் எல்லாம் சேர்த்துச் சுமார் 4 ஓட்டுநர் தேவை. அப்படியானால் 16 ஓட்டுநர், 30 வருடச் சம்பளம். வண்டி வாங்கப் பணமில்லை, 14-ஐ வைத்தே ஓட்டுகிறோம் என்றால் 6 நிமிட இடைவெளி 8 நிமிடத்தை நெருங்கிவிடும். பயணி குறைவார், வருமானமும் குறையும். இந்த ஒரு முடிவுக்கு நிதி அத்தியாயத்தில் இடமே இருக்காது, போக்குவரத்துக் காவல் பற்றிய பகுதியில் ஒளிந்திருக்கும். என் பார்வையில் அதுவே திட்டத்தின் மிக முக்கியமான நிதி முடிவு. தனித் தடத்துக்கு மன்றம் சம்மதிக்காது என்றால் ரயிலை எதிர்த்து வாக்களியுங்கள் என்றே சொல்வேன். நெரிசலில் மாட்டி நிற்கும் ரயிலால் பேருந்தைப்போல ஒதுங்கிக்கூடப் போக முடியாது.

வரிக்கு வருவோம். விற்பனை வரி வசூலிக்க எளிது, பொருளாதாரம் சரிந்தால் கூடவே சரியும். கடன் தவணை சரியாது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 2008-இல் மக்கள் வாக்களித்து ஏற்ற ரயில் திட்டத்தில், அடுத்து வந்த மந்தநிலையில் வரி வருமானம் விழுந்ததும் தெற்கு நீட்டிப்பின் ஒரு பகுதியைத் தள்ளிப்போட நேர்ந்தது. அந்தப் பக்கத்து மக்கள் வரியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழைகளின் வருமானத்தில் பெரிய பங்கு கடையில் செலவாவதால் இந்த வரி அவர்களை அதிகம் அழுத்தும் என்பதும் தெரிந்ததுதான்.

நிலமதிப்பு உயர்வில் பங்கு கேட்பது நியாயம். அரசு பணத்தில் ஓடும் ரயிலால் ஒருவரின் மனை விலை ஏறினால் அதில் ஒரு துண்டைத் திரும்பக் கேட்கலாம். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. செலவு முதல் 5 வருடத்தில், மதிப்பு உயர்வு பல வருடம் கழித்து, அதுவும் நிலையத்தைச் சுற்றி உயரமாகவும் நெருக்கமாகவும் கட்ட விதிகள் இடம் கொடுத்தால்தான். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தில் விமான நிலைய ரயிலுக்குத் தனியார் நிறுவனம் செலவில் நான்கில் ஒரு பங்களவு போட்டது, பதிலுக்குப் பாதையை ஒட்டிய சுமார் 120 ஏக்கரை மேம்படுத்தும் உரிமை. பாதை திறந்த நாள் 2001 செப்டம்பர் 10. மறுநாளே இரட்டைக் கோபுரத் தாக்குதல், உலகம் மாறிப்போனது. அலுவலகமும் விடுதியும் வரும் என்றிருந்த நிலம் சில வருடம் சும்மா கிடந்தது, கடைசியில் பெரிய கார் நிறுத்தங்களோடு பெருங்கடைகள் வந்தன. ரயில் கிடைத்தது, ரயிலில் ஏற வேண்டிய ஊர் கிடைக்கவில்லை. அதனால் நில வரியைக் கடன் தவணைக்கு அடிப்படையாக வைக்காதீர்கள், வந்தால் புதுப்பிப்பு நிதிக்குப் போகட்டும்.

எனக்குப் பிடித்தது முதலாளிகளிடம் வாங்குவது. ஊழியர் வேலைக்கு வருவதாலும் வாடிக்கையாளர் கடைக்கு வருவதாலும் முதல் பயன் அவர்களுக்குத்தான். பிரான்சில் 1971-இல் பாரிஸ் பகுதியில் தொடங்கி 1973-இலிருந்து மற்ற நகரங்களுக்கும் வந்த போக்குவரத்து வரி, நிறுவனம் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தில் ஒரு சிறு சதவீதம். இப்போது 11 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருப்பவர்கள் கட்டுகிறார்கள். அந்த நாட்டில் டிராம்கள் மறுபடி முளைத்ததற்கு இந்தப் பணம் பெரிய காரணம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரம் 2012-இல் வேறு வழி பார்த்தது: ஊழியர்களுக்காக 11 கார் இடமாவது வைத்திருக்கும் முதலாளி, இடத்துக்கு இவ்வளவு என்று வருடம் கட்ட வேண்டும். டிராமின் இரண்டாம் கட்டத்துக்கு அந்த வருமானம் உதவியது, 2015-இல் அது ஓடத் தொடங்கியது. 11 என்ற எண் இரண்டு இடத்திலும் ஒத்துப்போனது தற்செயல். சின்னக் கடைக்காரரை விட்டுவிடுவது தற்செயல் இல்லை. இந்த வரிகள் திறப்பு விழாவுக்கு அப்புறமும் வந்துகொண்டே இருக்கும், ஓட்டும் செலவுக்கும் உதவும். இப்படி ஒரு வழியை உங்கள் அறிக்கை ஆராய்ந்ததா என்று கேளுங்கள்.

"தனியார் முதலீட்டில் கட்டுகிறோம்" என்று யாராவது எழுந்து சொல்வார்கள். தனியார் போடும் பணத்தை வருடத் தொகையாகவோ டிக்கெட்டாகவோ நாம்தான் திருப்பித் தருகிறோம், அரசு வட்டியைவிடக் கூடுதல் வட்டியில். அதற்கு ஈடாக ஆபத்தை அவர்கள் நிஜமாகவே சுமந்தால் அது நல்ல பேரம். லண்டனின் குராய்டன் டிராம் 2000-இல் அப்படித் திறக்கப்பட்டது. கட்டணக் கொள்கையை நகரம் மாற்றினால் நிறுவனத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ஒப்பந்தம். கட்டணத்தைக் குறைக்க விரும்பிய நகர நிர்வாகம் 2008-இல் மொத்தத்தையும் விலைக்கு வாங்கிவிட்டது. கனடாவின் ஓட்டாவாவில் 2019-இல் திறந்த பாதை, கட்டுமானத்தையும் நெடுங்காலப் பராமரிப்பையும் ஒரே தனியார் கூட்டமைப்பிடம் கொடுத்த திட்டம். கதவு, சக்கரம், அச்சு என்று தொல்லை தொடர்ந்தது, 2021 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வண்டி தடம்புரண்டது. விசாரணை ஆணையம் 2022-இல் நகர நிர்வாகத்தையும் கூட்டமைப்பையும் சேர்த்தே குறைசொன்னது. ஆபத்தைக் காகிதத்தில் மாற்றிக்கொடுக்கலாம், ரயில் நின்றால் நடுத்தெருவில் நிற்பது பயணிதான்.

பேருந்து போதுமா என்ற கேள்விக்கு எண்ணில்தான் பதில். இரட்டைப் பெட்டிப் பேருந்தில் சுமார் 100 பேர். 2 நிமிடத்துக்கு ஒன்று விட்டால் மணிக்கு 3,000. இலகு ரயில் வண்டியில் 250 பேர். 5 நிமிடத்துக்கு ஒன்று விட்டால் அதே 3,000. ஒன்றுக்கு 30 நடை, இன்னொன்றுக்கு 12. இந்த அளவைத் தாண்டினால் ரயிலுக்கு ஓட்டுநர் செலவு குறைவு, நிறுத்தங்களில் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக முட்டி நிற்பதும் இல்லை. உச்ச நேரத்தில் ஒரு திசையில் 1,500 பேர்கூட இல்லை என்றால் ரயில் 10 நிமிடத்துக்கு ஒன்றாகிவிடும், தனித் தடத்தில் ஓடும் நல்ல பேருந்தே மேல். ஓட்டாவா 1983 முதல் பேருந்துத் தனித்தடங்களை வைத்தே வெகுகாலம் சமாளித்தது. நகர மையத்துச் சாலைகளில் பேருந்து வரிசை நகர முடியாத நிலை வந்தபோதுதான் ரயிலுக்குப் போனது. உங்கள் பாதையில் இன்று ஓடும் பேருந்துகளில் காலை 8 முதல் 9 வரை எத்தனை பேர் போகிறார்கள் என்ற எண் பேருந்துத் துறையிடம் இருக்கும். கணித மாதிரியைவிட அதை நம்புங்கள்.

"எங்கள் தெருவுக்கு வராத ரயிலுக்கு" என்ற புகாரைக் கேலி செய்ய வேண்டாம், அதற்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புதிய வரியில் ஒரு பங்கு பேருந்துக்கென்று தீர்மானத்திலேயே ஒதுக்கச் சொல்லலாம். பாதை ஓரக் கடைக்காரர்களுக்கும் அப்படித்தான். பிரெஞ்சு நகரங்கள் பலவற்றில் டிராம் பணியால் வியாபாரம் இழப்போருக்கு இழப்பீட்டுக் குழு அமைக்கிறார்கள். தோண்டிய பிறகு அமைத்தால் அதற்குள் பாதிக் கடை மூடியிருக்கும்.

"விட்டால் வேறு ஊர் வாங்கிக்கொள்ளும்" என்ற பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. சியாட்டில் 1968-லும் 1970-லும் ரயில் திட்டத்தை வாக்கெடுப்பில் தோற்கடித்தது, அதற்கு வரவிருந்த மத்திய அரசுப் பணம் அட்லாண்டாவுக்குப் போனது. பிறகு தலைமுறை கழித்து சியாட்டில் பலமடங்கு விலையில் கட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே இன்று எண்கள் தேறவில்லை என்றால் திட்டத்தைத் தூக்கி எறியாமல், பாதைக்கான நிலத்தை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். பணிமனைக்கும் இடம் வேண்டும். 20 வண்டிக்குப் பொதுவாக 6 முதல் 10 ஏக்கர், பாதையை ஒட்டியே. வளரும் நகரத்தில் அந்த நிலம் பத்து வருடத்தில் கிடைக்காது. இதற்கிடையில் அதே தடத்தில் பேருந்து ஓடட்டும்.

சரி, 3 நிமிடம். முதல் நிமிடத்தில் மானியம் சதவீதமா, உச்சவரம்புத் தொகையா என்று கேட்டு, எடின்பரோவின் 4.5 கோடி 27.6 கோடியான கதையை இரண்டே வரியில் சொல்லுங்கள். அடுத்த நிமிடத்தில் 16 வண்டிக்கும் 20 வண்டிக்கும் உள்ள வித்தியாசம். கடைசி நிமிடத்தில் ஒரு அட்டவணையை எழுத்துமூலமாகக் கேளுங்கள்: 30 வருடம், வருடத்துக்கு ஒரு வரி, கடன் தவணை, ஓட்டும் செலவு, டிக்கெட் வருமானம், புதுப்பிப்பு நிதி, பற்றாக்குறை, அதை நிரப்பும் வரியின் பெயர். அறிக்கையில் உள்ள செலவுக்கு ஒருமுறை, 45 சதவீதம் கூடினால் ஒருமுறை. எழுதிய காகிதத்தைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள், பேசியது மட்டும் பதிவில் சுருங்கிப்போகும்.

"அதெல்லாம் விரிவான வடிவமைப்புக்குப் பிறகு வரும்" என்று பதில் சொல்வார்கள். வரி போடும் தீர்மானம் அதற்கு முன்பா, பின்பா என்று கேளுங்கள். முன்பு என்றால், நகரத்தின் பங்கு இன்ன தொகையைத் தாண்டினால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் திட்டம் மீண்டும் மன்றத்தின் வாக்கெடுப்புக்கு வர வேண்டும் என்ற ஒரு பத்தியைத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்தால் உங்கள் சங்கம் ஆதரிக்கலாம்.